தொடர் மூளைக் கண்காணிப்பு
தொடர் மூளைக் கண்காணிப்பு என்பது, மூளைக் காயத்தால் நினைவிழந்த நோயாளரின் மண்டையோட்டு உள்ளழுத்தம், மூளை மின்னலை முதலியவற்றைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடையறாது அளக்கும் முறை. அழுத்தப் பதிவை 1960இல் சுவீடனின் நில்ஸ் லுண்ட்பெர்க் நிலைநாட்டினார். 22 மில்லிமீற்றர் பாதரசத்தை மீறினால் சிகிச்சை தேவை என்பது 2016ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல். உடல் அசையாமலே நிகழும் வலிப்பை மின்னலைப் பதிவே காட்டும்.

பொலிவியாவிலும் எக்குவடோரிலும் 324 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், அழுத்தமானி வழிச் சிகிச்சை, சீ.ரி. ஸ்கானையும் நேரடிப் பரிசோதனையையும் நம்பிய சிகிச்சையை விஞ்சவில்லை. அதனால் கருவி வீண் என்பது பொருந்தாது. அங்கு அழுத்தமானி இல்லாத தரப்பினரும் ஓயாது கவனிக்கப்பட்டனர். அத்தகைய கவனிப்பு இலங்கையின் வட மாகாணத்திலும் தேவை. அம்மாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில் உள்ளது. அங்கிருந்து கொழும்போ ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவு. ஆகவே நினைவுநிலையை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவீட்டையும் கண்மணியையும் மணிக்கு மணி பார்க்கும் தாதியரே யாழ். குடாநாட்டின் முதல் தேவை; மயக்கமருந்தில் இருப்பவரிடம் அப்பரிசோதனை போதாமையால் கருவியும் வேண்டும்.