இசைத்தட்டும் இதயங்களும்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் எட்டயபுரத்தைக் கடந்து சென்றால் எப்போதும்வென்றான் என்னும் ஊர் வரும். சுற்றிலும் கரிசல் மண். வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் பருத்தி, மிளகாய், கம்பு, சோளம், உளுந்து எனப் பூமி பொலியும். மழை பொய்த்தாலோ நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இத்தகைய வானம் பார்த்த சீமைக்கும் இசைக்கும் என்ன உறவு என்று வெளியூரார் வினவுவதுண்டு. அவர்கள் எட்டயபுரத்தில் சற்றே இறங்கிப் பார்க்கட்டும்.

சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பது அவ்வூரிலேதான். கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டில் கண்மூடியதும் அவ்வூரிலேதான். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர், ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூலை 1904-ஆம் ஆண்டில் எட்டயபுரத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். வாய்வழியாக வந்த கீர்த்தனைகளைச் சுரக்குறிகளால் காகிதத்தில் பதித்து வைத்த நூல் அது. காற்றோடு கலந்து மறையும் ஒலியைப் பிடித்து நிறுத்த மனிதன் செய்த முயற்சிகளுள் ஒன்று, இவ்வாறு கரிசல் மண்ணிலே நடந்தேறியது.

ஏறக்குறைய அதே காலத்தில் வடக்கே வேறொரு முயற்சி தொடங்கிற்று. 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் இசைத்தட்டில் பதிவாயிற்று. பின்னர் இசைத்தட்டு ஊர்தோறும் பரவியது. பாடியவர்கள் யார், பதித்தவர்கள் யார் என்பனவற்றை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதை எவரும் அவ்வளவாகக் குறித்து வைக்கவில்லை. அக்கேட்டவர்களைப் பற்றியே ஈண்டுச் சில சொல்ல விழைகிறேன்.

சொல்லில்லாத இசை

மேலைநாட்டார் சிம்பொனி என்னும் பேரிசையைப் பெரும்பாலும் நான்கு பகுதிகளாக அமைப்பர். அவற்றுள் ஒன்று மெல்ல நடக்கும். அங்கே ஆரவாரம் அடங்கும். கேட்பவன் தன்னுள்ளே திரும்புவான். நம் நாட்டில் அதற்கு நிகரானது எதுவென்று கேட்டால், நாகசுரத்தின் இராக ஆலாபனை என்பேன். அதில் சொல் இல்லை. தாளக் கட்டும் இல்லை. ஒரே சுரத்தில் நின்று, அசைந்து, அடுத்ததைத் தொட்டு, மீண்டும் பழைய இடத்துக்கே வந்து சேரும். இரவு முழுதும் நடக்கும் கோயில் ஊர்வலத்தில் ஒரே இராகத்தை மணிக்கணக்காக வாசித்த வித்துவான்கள் இருந்தார்கள்.

இசைத்தட்டு வந்தபோது அம்மணிக்கணக்கு நிமிடக்கணக்காயிற்று. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். அக்குறுகிய எல்லைக்குள்ளும் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தமது தோடி இராகத்தை நிறுத்திக் காட்டினார். அத்தட்டு அவர் முகத்தையே காணாத ஆயிரமாயிரம் பேரை அவருக்கு அடிமையாக்கியது.

அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் நம் திருநெல்வேலிச் சீமையின் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). கோவில்பட்டியைத் தம் இருப்பிடமாகக் கொண்டவர். இன்றும் அந்நகரில் அவருக்குச் சிலை உண்டு. 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ என்னும் திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி இராகத்தில் அவருடைய நாகசுரம் இழைந்தது. இசையமைத்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. இரண்டே ஆண்டுகளில் அருணாசலம் மறைந்தார். நாற்பத்து மூன்று வயதும் நிறையவில்லை. ஆனால் தட்டு சுழன்றுகொண்டே இருந்தது.

கலியாண வீட்டு ஒலிபெருக்கி

என் இளமையில் எங்கள் பகுதிச் சிற்றூர்களில் கலியாணம் என்றால் முதல்நாள் மாலையே ரேடியோ செட்டுக்காரர் வந்துவிடுவார். வேப்பமரத்தின் உச்சியில் குழாயைக் கட்டுவார். முதலில் நாகசுரத் தட்டு, பிறகே மற்றவை. முஸ்லிம் வீடாயின் சற்று நேரத்தில் நாகூர் ஹனீபாவின் குரல் ஊரை நிறைக்கும். சுற்றுவட்டாரம் முழுவதும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அதைக் கேட்டாக வேண்டும்.

அவ்வொலியைக் கேட்டவர்களை நினைவுகூர்கிறேன். பருத்திக் காட்டில் களையெடுக்கும் பெண்களின் கை சற்றே நிதானப்படும். பெண்ணைப் பெற்ற தாய் அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். புகை என்று சொல்லிக்கொள்வாள். கடன் வாங்கிக் கலியாணம் செய்யும் தகப்பனுக்கு அவ்வொலி நெஞ்சில் பாரம் ஏற்றும். இளைஞர்களுக்கு அது சாப்பாட்டின் முன்னறிவிப்பு! தொட்டிற் குழந்தை உறங்கிப்போகும். தட்டு ஒன்றே, ஊசி ஒன்றே, ஒலியும் ஒன்றே. விளைவுகளோ இத்தனை.

நேரில் வாசிக்கும் கச்சேரியில் இவ்வேற்றுமையை நாம் அறிந்துகொள்ள இயலாது. நேற்றைய வாசிப்பு வேறு, இன்றைய வாசிப்பு வேறு என்று கூறிவிடலாம். தட்டிலோ அணுவளவும் மாற்றமில்லை. மாறுபாடு முழுவதும் கேட்பவனிடமே இருக்கிறது என்பதை மறுக்கவொண்ணாத வகையில் காட்டிய கருவி இசைத்தட்டேயாகும்.

நான் செய்த பிழை

மதரஸாவில் ஓதி முடித்து ஸனது பெற்று வந்த புதிது. எனக்கு இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. ஒருநாள் அஸருக்குப் பின் சாலையோரத் தேநீர்க் கடைக்குச் சென்றேன். வானொலியில் நாகசுரம் ஒலித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் பெஞ்சில் அமர்ந்திருந்தார். பருத்திப் பேட்டையில் மூட்டை சுமந்து மூத்தவர். ஐவேளைத் தொழுகை தவறாதவர். ஆடவில்லை, அசையவில்லை. கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கன்னத்தில் மட்டும் கண்ணீர் வழிந்தது.

நான் எல்லோரும் கேட்கும்படி, “பெரியவரே, குர்ஆன் ஓதும்போது வராத அழுகை மேளச் சத்தத்துக்கு வருகிறதோ?” என்றேன்.

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஆலிம்சா சொன்னா சரிதான்” என்று எழுந்து போய்விட்டார். தேநீர் அப்படியே இருந்தது.

நன்மையை ஏவித் தீமையைத் தடுத்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமிதம். அடுத்த வாரம் என் உஸ்தாதைக் காணச் சென்றபோது இதைச் சொன்னேன். அவர்கள் பாராட்டுவார்கள் என்பது என் எதிர்பார்ப்பு.

“அவர் எதற்காக அழுதார் என்று கேட்டீரா, தம்பி?” என்றார்கள்.

“இல்லை, ஹஜ்ரத்.”

“குர்ஆன் ஓதும்போது அவர் அழுவதில்லை என்பதை யார் உமக்குச் சொன்னது?”

நான் மௌனமானேன். “இஹ்யாவை எடும். இரண்டாம் பாகத்தில் எட்டாவது கிதாபு. உரக்க வாசியும்” என்றார்கள்.

இமாம் கஸ்ஸாலி வகுத்த படிகள்

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 450–505, கி.பி. 1058–1111) இயற்றிய ‘இஹ்யா உலூமித்தீன்’ நாற்பது கிதாபுகளைக் கொண்டது. அவற்றுள் ஒன்று, செவியேற்றலின் ஒழுக்கங்களையும் அதனால் விளையும் உள்ளப் பரவசத்தையும் பற்றியது. அரபியில் முன்னதை ‘ஸமாஉ’ என்றும் பின்னதை ‘வஜ்து’ என்றும் கூறுவர். இசைப்பவனைப் பற்றி ஏடுகள் எழுதிக் குவித்த உலகில், கேட்பவனைப் பற்றித் தனியே ஒரு கிதாபு எழுதிய பெருமை இமாமவர்களுக்கு உண்டு.

செவியேற்றலுக்கு அவர்கள் மூன்று படிகள் வகுக்கிறார்கள். முதலாவது, கேட்டதைப் புரிந்து அதைத் தன் நிலைமைக்குப் பொருத்திக்கொள்வது. அதிலிருந்து பிறப்பது வஜ்து. அது மிகுந்தால் உறுப்புகளில் அசைவு தோன்றும். கேட்போரையும் நால்வகைப்படுத்துகிறார்கள். ஓசையின் இன்பம் மட்டுமே அறிபவன் முதல் வகை. அவ்வின்பத்தில் ஒட்டகமும் அவனுக்குப் பங்காளி. பாலைவனத்தில் ஒட்டகமோட்டியின் பாட்டைக் கேட்ட ஒட்டகங்கள் பாரத்தையும் தொலைவையும் மறந்து ஓடிய செய்தியை அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். இரண்டாமவன் கேட்டதையெல்லாம் ஒரு மனித உருவத்தின்மீது ஏற்றுபவன். மூன்றாமவன் தனக்கும் தன் இறைவனுக்கும் இடையிலான நிலைமைகளில் பொருத்துபவன். நான்காமவனோ அந்நிலைமைகளையும் கடந்தவன்.

இவற்றிலெல்லாம் என்னை உலுக்கியது வேறொரு கருத்தாகும். இசை உள்ளத்தில் இல்லாததை அங்கே கொண்டுவந்து வைப்பதில்லை. ஏற்கெனவே இருப்பதையே அசைக்கிறது என்னும் பெரியார்களின் கூற்றை அவர்கள் ஆதரித்துக் காட்டுகிறார்கள். சந்தையில் ஒருவன் காட்டு மூலிகையைக் கூவி விற்கிறான். அவ்வழியே சென்ற இறைநேசர் ஒருவர் அதைக் கேட்டு மெய்ம்மறந்து போகிறார். மூலிகையின் அரபிப் பெயர் அவர் செவியில், முயன்று வந்தால் என் நன்மையைக் காண்பாய் என்ற இறையழைப்பாக ஒலித்ததாம்! விற்றவன் கூவியது மூலிகை. கேட்டவர் பெற்றது வேறு.

அசையாமல் இருப்பவனின் உள்ளம் வெறுமை என்றும் எண்ணலாகாது. ஜுனைத் பக்தாதி (ரஹ்) அவர்கள் பிற்காலத்தில் ஸமாஇன்போது அசைவற்றிருந்தார்கள். காரணம் கேட்டவர்களுக்கு, அசையாதவை போல் தோன்றினும் மேகங்களைப் போல் செல்லும் மலைகளைப் பற்றிய இறைவசனத்தையே விடையாகத் தந்தார்கள். இதை வாசித்தபோது எனக்குத் தேநீர்க் கடைப் பெஞ்சு நினைவுக்கு வந்தது. குரல் தழுதழுத்தது. உஸ்தாது ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தைப் புரட்டச் சொன்னார்கள்.

ஒரு கொடுங்கோலனும் ஒரு தட்டும்

இமாமவர்களின் கருத்துக்கு இருபதாம் நூற்றாண்டு தந்த பெரும் சான்று ஒன்றுண்டு. ஆஸ்திரிய நாட்டு இசைமேதை ஆண்டன் புரூக்னர் தமது ஏழாவது சிம்பொனியின் மெதுநடைப் பகுதியை எழுதிக்கொண்டிருந்த வேளையில், தாம் குருவாகப் போற்றிய வாக்னர் 1883-ஆம் ஆண்டில் காலமானார். அத்துயரம் அப்பகுதியில் தோய்ந்தது. 1942-ஆம் ஆண்டில் பூர்ட்வாங்லர் என்பவர் பெர்லின் இசைக்குழுவைக் கொண்டு அதனை இசைத்தட்டில் பதிவு செய்தார். 1945-ஆம் ஆண்டு மே முதல் நாள் இரவில் ஜெர்மன் வானொலி அம்மெதுநடையை ஒலிபரப்பிய பின்னரே ஹிட்லரின் மரணத்தை அறிவித்தது.

நேயர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஆசானுக்காக ஒரு மாணவன் சிந்திய கண்ணீர், அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கொடுங்கோலனுக்கு இரங்கற்பாவாயிற்று. அன்றிரவு அவனை நம்பியிருந்தவனும் அதைக் கேட்டான். அவன் போரில் மகனை இழந்தவளும் அதைக் கேட்டிருப்பாள். இருவர் உள்ளத்திலும் அது ஒன்றையே அசைத்திருக்க முடியுமா? ஒலியின்மீது குற்றமில்லை. அது எவருக்கும் சாட்சி சொல்வதில்லை; அவரவர் உள்ளத்தை அவரவர்க்கே காட்டுகிறது.

ஓர் எச்சரிக்கை

இதனால் இசையெல்லாம் ஆகுமென்று நான் தீர்ப்புக் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். ஷாஃபிஈ மத்ஹபினரான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே, மது அருந்துவோரின் அடையாளமாயிருந்த நரம்புக் கருவிகளையும் ஊதுகருவிகளையும் விலக்கியிருக்கிறார்கள். தஃப், முரசு, இடையர் குழல் போன்றவற்றை அவ்வாறு விலக்கவில்லை. இவ்விஷயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை ஓதியவர்கள் அறிவர். மறுபுறம், ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து, நாச்சியார்கோயிலில் பயின்று, திருவரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா (1924–1999) என்னும் முஸ்லிம் பெருமகனார் நாகசுர உலகின் சிகரங்களுள் ஒருவராக விளங்கி, 1998-இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார் என்பதும் வரலாறே. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே கல்விக்கு அழகு.

நான் சொல்ல வந்தது ஒன்றே. கருவியைப் பற்றிய சட்டம் கிதாபுகளில் இருக்கிறது. அதைச் சொல்ல ஆலிமுக்கு உரிமையுண்டு. கண்ணீரைப் பற்றிய தீர்ப்போ அல்லாஹ்விடம் இருக்கிறது. அதில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை. நான் முன்னதைச் சொல்லியிருக்கலாம், தனியே, மெல்லிய குரலில். பின்னதைச் சொன்னேன், பலர் நடுவே.

ஊர் திரும்பியதும் அப்பெரியவரைத் தேடிச் சென்றேன். திண்ணையில் பருத்தி மார் கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். “அத விடுங்க ஆலிம்சா, உக்காருங்க” என்று இடம் ஒதுக்கி, உள்ளே திரும்பித் தேநீர் போடச் சொன்னார். எதற்காக அழுதார் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எங்கேனும் நாகசுரம் ஒலிக்கக் கேட்டால் எனக்கு இராகம் நினைவுக்கு வருவதில்லை. அன்று கடையில் ஆறிப்போன அந்தத் தேநீரே நினைவுக்கு வருகிறது. அவரவர் உள்ளத்தில் இருப்பதையல்லவா ஒலி அசைக்கிறது!