மூளைக்குள் வைத்த கதிர்

1901-இல் பாரிஸ் விஞ்ஞானி ஆன்றி பெக்கரெல், ரேடியம் அடைத்த சிறு குழாயை வெயிஸ்ட்கோட் பையில் போட்டுக்கொண்டு நடமாடினார். சில நாட்களில் பைக்கு நேராகத் தோல் சிவந்து புண்ணானது. பியர் கியூரியோ, வேண்டுமென்றே ரேடியத்தைத் தன் கையில் வைத்துப் புண்ணை வரவழைத்துக்கொண்டார். நல்ல தோலைப் பொசுக்கும் கதிர் கெட்ட சதையையும் பொசுக்குமே என்று மருத்துவர்களுக்குப் பொறி தட்டியது. 1903-இல், தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கடிதத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்: ரேடியத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துப் புற்றுக்கட்டியின் நடுவிலேயே செருகினால் என்ன?

உட்கதிர்வீச்சு சிகிச்சை இப்படித்தான் பிறந்தது.

மூளையும் தப்பவில்லை. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவத்தின் முன்னோடி ஹார்வி குஷிங், ‘ரேடியம் குண்டு’ எனப்பட்ட ஒன்றை மூளைக்கட்டிகளில் வைத்துப் பார்த்தார், பலன் சொற்பம். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 ஆண்டுகள். வைத்தால் எடுத்தே தீர வேண்டும். கையாளும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் கதிர்படும்.

அணு உலைகள் வந்தபின் செயற்கைக் கதிரியக்கத் தனிமங்கள் கைக்குக் கிடைத்தன. ஜெர்மனியின் ஃபிரைபுர்க்கில் ஃபிரிட்ஸ் முண்டிங்கரும், 1980-களில் சான் பிரான்சிஸ்கோவில் பிலிப் குட்டினும் அயோடின்-125 அடைத்த ‘விதைகள்’ எனப்படும் சிறு குப்பிகளை மூளைக்குள் வைத்தார்கள். ஆனால் மூளையிலேயே தோன்றும் கொடிய கட்டிகளில் நடந்த இரு பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் (1998, 2002) இதனால் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்றன. கதிர்பட்ட திசு அழுகி, மறுபடி மண்டையைத் திறக்க வேண்டிய நிலையும் பலருக்கு வந்தது. இந்த முறை ஓரங்கட்டப்பட்டது.

நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களிலிருந்து மூளைக்குப் பரவும் புற்றின் கதை வேறு. 1998-இல் அமெரிக்காவில் ராய் பாட்செல் குழு வெளியிட்ட ஆய்வில், ஒற்றைக் கட்டியை அறுத்து எடுத்துவிட்டுச் சும்மா விட்டவர்களில் 46 சதவீதத்தினருக்கு அதே இடத்தில் கட்டி மீண்டும் முளைத்தது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் 10 சதவீதத்தினருக்கே. ஆக, கதிர் கட்டாயம். ஆனால் மூளை முழுவதற்கும் கொடுத்தால் ஞாபகசக்தி அடிபடுகிறது. கட்டி இருந்த குழிக்கு மட்டும் கொடுக்க வழி தேடியபோது, பழைய முறை திரும்பி வந்தது.

இம்முறை கைகொடுத்தது சீசியம்-131. அயோடின்-125-இன் அரை ஆயுள் 59 நாள், சீசியத்துக்கு 9.7 நாள்தான். அறுவைக்குப் பின் குழி மெல்லச் சுருங்கும்போது விதைகள் நெருங்கி வந்து திசுவைக் கருக்கும் ஆபத்து இருக்கிறது. சீசியம் ஒரே மாதத்தில் தன் கதிரில் 88 சதவீதத்தைக் கொட்டிவிடுவதால் அந்த ஆபத்து குறைகிறது.

2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ‘காமாடைல்’ என்ற சாதனத்தை மீண்டும் முளைத்த மூளைக்கட்டிகளுக்கு அனுமதித்தது. 2020-இல் புதிதாகக் கண்டறியப்பட்ட புற்றுக்கட்டிகளுக்கும். தபால்தலை அளவுள்ள கொலாஜன் வில்லை. உள்ளே நான்கு சீசியம் விதைகள். கட்டியை எடுத்த கையோடு குழியின் சுவரில் வில்லைகளைப் பதித்து மண்டையை மூடிவிடுகிறார்கள். கொலாஜன் உடலோடு கரைந்துவிடும், வீரியம் இழந்த விதைகள் அங்கேயே தங்கிவிடும், எடுக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டிகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தாலோ, அறுவைக்கு இடமில்லை என்றாலோ, வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்தான் வழி. வில்லையை வைக்க முடிவது அறுவை மேசையில் மட்டுமே என்பதால், இதைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.