டுக்காடமின் கையை யார் உடைத்தது?



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. மீசை வைத்த ஒரு கோல்கீப்பர். கீழே நாலு வரி: ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் தொடர்ந்து நான்கு பெனால்டிகளைத் தடுத்தார், ஸ்பெயின் மன்னர் மெர்சிடிஸ் கார் பரிசளித்தார், சர்வாதிகாரியின் மகன் அந்தக் காரைக் கேட்டான், இவர் கொடுக்கவில்லை, கையை உடைத்துவிட்டார்கள். படத்தை அனுப்பிய மருமகப்பிள்ளை, "மாமா, இது நிஜமா?" என்று கேட்டிருந்தார்.

நான்கு பெனால்டி நிஜம், மற்றது கட்டுக்கதை. ஒரு வரிப் பதில் இதுதான். ஆனால் ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள்.

1986 என்றால் நம்மில் பலருக்கு மரடோனாதான் நினைவு வரும். தூர்தர்ஷனில் நள்ளிரவு வரை கண் விழித்து மெக்சிகோ உலகக் கோப்பை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. நான் சொல்லப்போவது அதற்குச் சில வாரங்கள் முன்பு, மே 7-ஆம் தேதி, ஸ்பெயினின் செவில் நகரத்தில் நடந்தது. ஒவ்வொரு நாட்டின் லீக் சாம்பியன் கிளப்பும் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப் போட்டி. இன்று சாம்பியன்ஸ் லீக் என்கிறோமே, அதன் பழைய வடிவம். ஒரு பக்கம் பார்சிலோனா. இன்னொரு பக்கம் ருமேனியாவின் ஸ்டெயாவா புக்கரெஸ்ட். ஸ்டெயாவா என்றால் ருமேனிய மொழியில் நட்சத்திரம். அது அந்நாட்டு ராணுவத்தின் கிளப்.

அந்த ஆண்டு இங்கிலாந்து அணிகள் எதுவும் போட்டியில் இல்லை. முந்தைய ஆண்டு பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் இறுதிப் போட்டிக்கு முன் நடந்த கலவரத்தில் 39 பேர் இறந்தார்கள்; அதனால் இங்கிலாந்து கிளப்புகளுக்குத் தடை. 1977 முதல் 1984 வரை எட்டு ஆண்டுகளில் ஏழு முறை கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். அவர்கள் இல்லையென்றதும் பார்சிலோனாவுக்கு வழி திறந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

பார்சிலோனா அதுவரை இந்தக் கோப்பையை வென்றதே இல்லை என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பரம எதிரியான ரியல் மாட்ரிட் 1966-க்குள் ஆறு முறை வென்றிருந்தது. பார்சிலோனா 1961-இல் ஒரே ஒரு முறை இறுதிக்கு வந்து, பெர்ன் நகரில் பென்ஃபிகாவிடம் 3-2 என்று தோற்றது. இப்போதோ போட்டி நடப்பது சொந்த நாட்டில். சுமார் 70,000 பேர் கூடிய மைதானம் ஏறக்குறைய முழுவதும் அவர்கள் ஆட்கள். ருமேனியாவிலிருந்து வந்தவர்கள் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் இருப்பார்கள். அந்த நாட்டிலிருந்து நினைத்தவர்கள் நினைத்தபோது வெளிநாடு போக முடியாது. அனுமதி வேண்டும். அனுமதி கிடைப்பது யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

ருமேனியா அப்போது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். நிக்கோலாய் சௌஷெஸ்கு 1965 முதல் ஆட்சியில் இருந்தவர். 1980-களின் தொடக்கத்தில், வெளிநாட்டுக் கடன் முழுவதையும் அடைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நாட்டில் விளைந்ததையும் செய்ததையும் ஏற்றுமதி செய்தார்கள். ரொட்டிக்கும் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் ரேஷன். குளிர்காலத்தில் வீடுகளில் வெப்பமூட்டும் வசதியைக் குறைத்தார்கள், மின்சாரத்தை வெட்டினார்கள். தொலைக்காட்சி நாளுக்கு இரண்டு மணி நேரம்தான்; அதிலும் பெரும்பகுதி தலைவரும் அவர் மனைவியும். 1983-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் காவல்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். யாராவது துண்டுப் பிரசுரம் அடித்தால் எழுத்தின் சாயலை வைத்துப் பிடித்துவிடலாம் அல்லவா? இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அணியைப் பாருங்கள். பயிற்சியாளர் எமெரிக் யெனெய் ஹங்கேரிய வம்சாவளி. நடுக்கள ஆட்டக்காரர் பொலோனியும் அப்படியே; அவர் படித்துப் பட்டம் பெற்ற பல் மருத்துவரும்கூட. தற்காப்பு வீரர் பெலோதேதிச் செர்பியர். கோல்கீப்பர் ஹெல்முட் டுக்காடம், வயது 27, மேற்கு எல்லைப் பக்கம் செம்லாக் என்ற ஊர்க்காரர். அவர் ஜெர்மானிய வம்சாவளி, பனாத் ஸ்வாபியர் என்று சொல்வார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் பேரரசு அந்தப் பகுதியில் குடியேற்றிய விவசாயிகளின் வழிவந்தவர்கள். இந்த மக்களைத்தான் சௌஷெஸ்கு அரசு விற்றுக்கொண்டிருந்தது. விற்றது என்று நான் சும்மா எழுதவில்லை. வெளியேற விரும்பும் ஜெர்மானியர்களை அனுப்புவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று மேற்கு ஜெர்மனி பணம் கொடுத்தது. 1978-க்குப் பிறகு அது ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் என்ற கணக்கில் நடந்தது. அந்தச் சமூகத்துப் பையன் ஒருவன்தான் அன்று இரவு ருமேனியாவின் மானத்தைக் காத்தான்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உண்மையைச் சொன்னால் சலிப்பான ஆட்டம். ஸ்டெயாவாவின் தலைவர் ஸ்டொய்க்கா தடை காரணமாக ஆடவில்லை. யெனெய் 72-வது நிமிடத்தில் தன் உதவிப் பயிற்சியாளர் யோர்தனெஸ்குவையே களத்தில் இறக்கினார். அவருக்கு மூன்று நாள் முன்புதான் 36 வயது நிறைந்திருந்தது. பார்சிலோனாவின் பயிற்சியாளர் ஆங்கிலேயர் டெர்ரி வெனபிள்ஸ். அவர் ஆட்டம் முடியும் தறுவாயில் தன் நட்சத்திரம் பெர்ன்ட் ஷூஸ்டரை வெளியே எடுத்தார். ஷூஸ்டருக்குக் கோபம். பெஞ்சில் உட்காரவில்லை, நேராக உடை மாற்றும் அறைக்குப் போய், மைதானத்தை விட்டே வெளியேறி, டாக்சி பிடித்து ஓட்டலுக்குப் போய்விட்டார். அடுத்த பருவம் முழுக்க பார்சிலோனா அவரை ஆடவிடவில்லை. பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? ரியல் மாட்ரிட்!

120 நிமிடம் முடிந்தும் 0-0. அது 31-வது ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. ஒரு கோல்கூட விழாமல் முடிந்தது அதுவே முதல்முறை. அடுத்தது பெனால்டிகள்.

பார்சிலோனாவின் கோல்கீப்பர் உருத்தியும் லேசுப்பட்டவர் அல்ல. முந்தைய ஆண்டு வயடொலிடில் அவர் தடுத்த ஒரு பெனால்டிதான் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு பார்சிலோனாவுக்கு லீக் பட்டத்தை உறுதிசெய்தது. அன்றும் முதலில் அவர்தான் தொடங்கினார். ஸ்டெயாவாவின் மஜெயாரு உதைத்தார், உருத்தி தடுத்தார். அலெஷாங்கோ உதைத்தார், டுக்காடம் வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார். பொலோனி உதைத்தார், உருத்தி மறுபடியும் தடுத்தார். பெட்ராஸா உதைத்தார், டுக்காடம் மறுபடியும் வலப்பக்கம், மறுபடியும் தடுத்தார். நான்கு உதை, ஒரு கோல் இல்லை. மைதானத்தில் அப்போது இருந்த அமைதியைக் காணொளியில்கூடக் கேட்கலாம்.

22 வயது லக்கத்துஷ் வந்து, யோசனையே இல்லாமல் பலம்கொண்ட மட்டும் உதைத்தார். பந்து மேல் கம்பியில் பட்டு உள்ளே விழுந்தது. அடுத்து பிச்சி அலோன்சோ. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சிலோனா கோத்தன்பர்க் அணியிடம் 3-0 என்று தோற்றிருந்தபோது, மறு ஆட்டத்தில் மூன்று கோல் அடித்துக் காப்பாற்றியவர் இவர். அவர் உதைத்ததையும் டுக்காடம் வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார். பலின்ட் அடித்தார், 2-0. இப்போது மார்கோஸ் அடித்தே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் டுக்காடமின் மூளையைப் பார்க்க வேண்டும். பெனால்டி உதைக்கும் இடத்திலிருந்து கோல் கோட்டுக்கு 11 மீட்டர் தூரம். கோலின் அகலம் 7.32 மீட்டர். பந்து வருவதைப் பார்த்துப் பாய நேரம் கிடையாது, பெரும்பாலும் ஊகம்தான். ஒருமுறை வலப்பக்கம் பாய்ந்தவன் அடுத்த முறை மாறுவான் என்று உதைப்பவன் நினைப்பான், ஆகவே நான் மாறக் கூடாது என்பதுதான் அவர் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன கணக்கு. மூன்று முறை அது பலித்தது. நான்காவது ஆள் வரும்போது மூன்றையும் பார்த்துவிட்டு வருகிறான். அவன் மறுபக்கம்தான் உதைப்பான். டுக்காடம் இடப்பக்கம் பாய்ந்தார். பந்து அங்கேதான் வந்தது.

இரும்புத் திரைக்குப் பின்னால் இருந்த ஒரு நாட்டின் அணி இந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல்முறை. புக்கரெஸ்ட் விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். தலைவரை வாழ்த்த மட்டுமே கூட்டம் கூட வேண்டிய ஊரில், யாரும் ஆணையிடாமல் கூடிய கூட்டம்.

சில வாரங்களில் டுக்காடம் காணாமல் போனார். டிசம்பரில் டோக்கியோவில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டுடன் உலகக் கிளப் பட்டத்துக்கான ஆட்டம். கோலில் அவர் இல்லை. ஸ்டெயாவா 1-0 என்று தோற்றது. நாடே கொண்டாடிய 27 வயது வீரன், அதன் பிறகு ஸ்டெயாவாவுக்காக ஒரு முக்கிய ஆட்டமும் ஆடவில்லை.

நடந்தது இதுதான். அந்தக் கோடையில் அவருடைய வலது கைத் தமனியில் வீக்கம் கண்டு, ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. அறுவை சிகிச்சை செய்து கையைக் காப்பாற்றினார்கள். சொல்வதற்கு மிக எளிய காரணம். ஆனால் மக்கள் நம்பியது வேறு. கார் கொடுத்தது ஸ்பெயின் மன்னர் என்பார்கள் சிலர்; பார்சிலோனா தோற்ற மகிழ்ச்சியில் ரியல் மாட்ரிட் தலைவர் கொடுத்தார் என்பார்கள் சிலர். கேட்ட மகன் வாலண்டின் என்பது ஒரு பாடம், நிக்கு என்பது இன்னொரு பாடம். ஓலைச்சுவடிகளில் பாடபேதம் வருவதுபோலத்தான்! ஒரு கதைக்கு இத்தனை வடிவம் இருந்தால், சொன்னவர்கள் யாரும் நேரில் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் பொய் என்று தூக்கி எறிந்துவிட்டால் வரலாற்று மாணவனின் வேலை முடிந்துவிடாது. ஏன் நம்பினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. தட்டச்சு இயந்திரத்தையே பதிவு செய்யச் சொல்லும் நாட்டில் பத்திரிகை சொல்வதை யார் நம்புவார்கள்? வாய்வழிச் செய்திதான் அங்கே செய்தி. மூத்த மகன் வாலண்டின் இயற்பியல் அறிஞர். எந்தப் பதவியும் இல்லாமலே ஸ்டெயாவாவுக்குக் காவல் தெய்வமாக இருந்தவர் என்பது ஊரறிந்த விஷயம். 1988-இல் ருமேனியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் டினாமோவுக்கு எதிராக, 1-1 என்று இருக்கையில் கடைசி நேரத்தில் ஸ்டெயாவா அடித்த கோலை ஆஃப்சைடு என்று நடுவர் மறுத்தார். அணி களத்தை விட்டு வெளியேறியது. பிறகு என்ன ஆயிற்று? கால்பந்துச் சங்கம் அந்தக் கோலைச் செல்லும் என்று அறிவித்துக் கோப்பையை ஸ்டெயாவாவுக்கே கொடுத்தது. இதைக் கண்ணால் கண்டவர்களிடம், அந்தக் குடும்பம் ஒரு காருக்காகக் கையை உடைத்தது என்றால், சே, இருக்காது என்று யார் சொல்வார்கள்? அந்த வதந்தி டுக்காடமைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ருமேனிய மக்கள் தங்கள் ஆட்சியாளர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் சொல்கிறது. அந்த வகையில், அரசு அச்சிட்ட புள்ளிவிவரப் புத்தகங்களைவிட எனக்கு அது நம்பகமான ஆவணம்.

டிசம்பர் 1989-இல் ஆட்சி கவிழ்ந்து, கிறிஸ்துமஸ் அன்று சௌஷெஸ்குவையும் மனைவியையும் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு பயமில்லாமல் எதையும் பேசலாம். டுக்காடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: யாரும் என் கையை உடைக்கவில்லை. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்து சொன்னார்கள். கை உடைபட்டதாகச் சொல்லப்பட்ட மனிதர் 1989-இல் திரும்பி வந்து, அராத் நகரில் ஒரு சிறிய அணிக்கு இரண்டு ஆண்டுகள் கோல் காத்தார் என்பதையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

பிறகு எல்லைக் காவல் பணியில் மேஜராகச் சொந்த ஊர்ப் பக்கம் இருந்தார். அமெரிக்க விசா குலுக்கலில் பெயர் விழுந்து அரிசோனாவுக்குப் போய், மனம் ஒட்டாமல் திரும்பினார். 2008-இல் ருமேனிய அரசு விருது கொடுத்தது. ஸ்டெயாவா என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று ராணுவமும் ஒரு தனியார் கிளப்பும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்ட கதை வேறு. அதற்குத் தனிப்பதிவு வேண்டும். டுக்காடம் 2024 டிசம்பர் 2 அன்று, 65-வது வயதில் காலமானார்.

அந்த எட்டு உதைகளும் யூடியூபில் கிடைக்கின்றன. கிரிக்கெட் பிரியர்களும் பாருங்கள், அதிக நேரம் ஆகாது. மார்கோஸ் ஓடி வரும்போது பந்தைப் பார்க்காதீர்கள், கோல்கீப்பரை மட்டும் பாருங்கள்.