சிற்சபையின் ஓடுகளும் 703 என்னும் எண்ணும்

தில்லைச் சிற்சபையின் கூரையில் வேய்ந்த பொன் ஓடுகள் 21,600 என்றும், அவற்றைப் பிணைக்கும் ஆணிகள் 72,000 என்றும், முன்னவை மனிதன் ஒரு நாளில் விடும் சுவாசங்களையும் பின்னவை தேகத்திலுள்ள நாடிகளையும் குறிப்பன என்றும் பரம்பரையாகச் சொல்லப்பட்டு வருவதைச் சிதம்பரம் சென்று வந்தவர் பெரும்பாலும் கேட்டிருப்பர். கூரைமேல் ஏறி எண்ணியவர் உண்டா என்ற விசாரம் வேண்டியதில்லை. ஏனெனில் அந்த எண் எண்ணிப் பெற்றதன்று, பெருக்கிப் பெற்றது. நாளொன்றுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 6 சுவாசம் எனப் பெருக்க 21,600 ஆகிறது. வட்டத்தின் 360 பாகைகளையும் பாகைக்கு 60 கலையாகப் பகுத்தால் அதே தொகைதான். ஆதலின், ஒரு பிராண காலத்தில், அதாவது ஒரு சுவாசத்தில், பூமி ஒரு கலை சுழல்கிறது என்று ஆரியபட்டர் தம் நூலில் வெகு சுருக்கமாகச் சொல்லிவிட முடிந்தது.

2, 3, 5 என்னும் முதல் மூன்று பகா எண்களன்றி வேறொன்றும் இத்தொகையில் கலக்கவில்லை. 72 எண்கள் இதை மீதியின்றி வகுக்கும். பின்னங்களோடு மல்லாடிய பஞ்சாங்கக் கணிதர்களுக்கு இதைவிட அநுகூலமான எண் எளிதில் வாய்த்திராது. சுவாசம் எண்ணுக்கு இணங்கியதேயன்றி எண் சுவாசத்துக்கு இணங்கவில்லை என்பதே என் துணிபு.

அதே சிதம்பரத்தில், ரயில் பாதைக்குக் கிழக்கே 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தபோது, செங்கோட்டையை அடுத்த வல்லத்திலிருந்து வந்த எஸ். எஸ். பிள்ளை அங்கே கணித ஆசிரியராக அமர்ந்தார். அவரை ஆட்கொண்டது வகுத்தலன்று, கூட்டல். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களாகவோ ஒன்பது கனங்களாகவோ பிரித்துவிடலாம் என்று 1770-இல் வேரிங் என்ற ஆங்கிலேயர் சொல்லி வைத்தார். மேற்படிகளுக்கு எத்தனை வேண்டும் என்பதே எஞ்சிய வினா. ஆறாம்படிக்கு 73 போதும் என்று 1940-இல் பிள்ளை நிறுவினார். அதற்குக் குறைத்தால் ஆகாது என்பதற்கு 703 சாட்சி: மூன்றின் ஆறாம்படி 729 ஆகிவிடுவதால், 64-உம் 1-உம் மட்டுமே கையிலுள்ள நாணயங்கள், பத்து 64-உம் அறுபத்துமூன்று 1-உம் கொடுத்தே அக்கடனைத் தீர்க்க வேண்டும். அதனினும் முப்பது மடங்கு பெரிய 21,600-க்கோ 19 போதும். எண்ணின் பருமனுக்கும் அதன் பிடிவாதத்துக்கும் சம்பந்தமில்லை.

இதற்கு முன்னரே, 1936-இல், ஏழாம்படி முதலானவற்றுக்கெல்லாம் ஒரே சூத்திரத்தை அவரும் அமெரிக்கரான டிக்ஸனும் தனித்தனியே கண்டிருந்தனர். 1941-இல் சிதம்பரத்தை விட்ட பிள்ளை, 1950 ஆகஸ்டு 31-இல், ஹார்வர்டில் கூடிய சர்வதேசக் கணித மகாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் மாண்டார். அவர் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றரையைத் தன்னாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கும்போது வரும் தொகையின் பின்னப் பகுதி 1-ஐ மிகவும் அணுகிவிடக் கூடாது. அந்நிபந்தனை தவறும் படிகள் இருந்தாலும் அவை முடிவற்றவை அல்ல என்று 1957-இல் மாலர் என்ற கணிதர் காட்டினார். 47 கோடியே 16 லட்சமாவது படி வரை 1990-க்குள் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. அதற்கப்பாலும் இல்லை என்று நிரூபிப்பது மட்டும் இன்னும் பாக்கி.