மடிக்கணினியில் பொது வைஃபை தென்படாமை

ரயில் நிலையம், விமான நிலையம், நூலகம், கல்லூரி, உணவகம் போன்ற இடங்களில் இயங்கிக்கொண்டிருக்கும் வைஃபையின் பெயர் மடிக்கணினியின் பட்டியலில் வராமல் போவதையே பொது வைஃபை தென்படாமை என்கிறோம். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரின் கைபேசியில் அந்தப் பெயர் தெரியும். வீட்டுக்குத் திரும்பினால் அதே மடிக்கணினி வீட்டு ரவுட்டரோடு ஒரு தடையுமின்றி இணைந்துகொள்ளும். கோளாறைக் கண்டுபிடிக்க இந்த இரண்டு விவரங்களைவிட நல்ல சான்று கிடையாது. வீட்டில் வேலை செய்யும் கருவி முற்றாகப் பழுதாகியிருக்க முடியாது. எனவே வீட்டு ரவுட்டருக்கும், பொது இடத்தில் வைஃபையை ஒலிபரப்பும் கருவியான ஆக்சஸ் பாயின்டுக்கும் எதில் வேறுபாடு என்று தேட வேண்டும். அதைத் தேடாமலே விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், புதிய வைஃபை கார்டு வாங்குகிறார்கள். பல நேரங்களில் இரண்டுமே வீண் செலவு.

மூன்று நிலைகள்

"வைஃபை கிடைக்கவில்லை" என்ற ஒரே முறையீட்டுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பட்டியலே வெறுமையாக இருப்பது. இரண்டாவது, அக்கம்பக்கத்துப் பெயர்கள் எல்லாம் தெரிய, வேண்டிய பெயர் மட்டும் இல்லாமல் இருப்பது. மூன்றாவது, பெயரும் தெரிந்து இணைப்பும் கிடைத்தபின் எந்தப் பக்கமும் திறக்காமல் இருப்பது.

மூன்றாவது நிலை உண்மையில் தென்படாமையே அல்ல. பொது வைஃபைகளில் பல, உள்நுழைவுப் பக்கம் ஒன்றைக் காட்டி, கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்த்த பிறகே இணையத்தைத் திறந்துவிடும். இந்திய ரயில் நிலையங்களில் 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி நாடெங்கும் பரவிய ரெயில்டெல் நிறுவனத்தின் ரெயில்வயர் சேவையும் இந்த வகைதான். அந்தப் பக்கம் தானாக வராவிட்டால், விபிஎன் செயலியையும், கையால் மாற்றி வைத்த டிஎன்எஸ் அமைப்பையும் தற்காலிகமாக நீக்கிவிட்டு, மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி முகவரி ஒன்றைத் திறந்தால் போதும். உள்நுழைவுப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

முதல் இரண்டு நிலைகளுக்குத்தான் இந்தக் கட்டுரையில் இடம் அதிகம். குறிப்பாக இரண்டாவது நிலைக்கு. அதுதான் மக்களை அதிகம் குழப்புகிறது.

பெயர் எப்படித் தெரிகிறது

வைஃபையின் அடிப்படையான ஐஇஇஇ 802.11 தரநிலை 1997இல் வெளிவந்தது. அதன்படி ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டும் சுமார் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை தன் பெயர், தன் திறன்கள், பாதுகாப்பு முறை ஆகியவற்றைச் சொல்லும் சிறு அறிவிப்பை வெளியிடுகிறது. மடிக்கணினி ஒவ்வொரு சேனலாகத் தாவி இந்த அறிவிப்புகளைக் கேட்கிறது. அனுமதி உள்ள சேனல்களில் "யார் இருக்கிறீர்கள்" என்று தானே கேட்டும் விடை பெறுகிறது. பட்டியலில் ஒரு பெயர் வர வேண்டுமானால், ஆக்சஸ் பாயின்ட் பேசும் சேனலுக்கு மடிக்கணினி போக வேண்டும், அங்கே வரும் அறிவிப்பு போதிய வலிமையுடன் ஆன்டெனாவை அடைய வேண்டும், அதைக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் புரிந்துகொள்ள வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த வைஃபை அந்த மடிக்கணினிக்கு இல்லாததுதான்.

பெயரை மறைத்து வைக்கும் வழக்கமும் உண்டு. அப்போது அறிவிப்பு வரும், ஆனால் பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கும். அலுவலகங்களில் இது சகஜம். பொதுமக்களுக்கான வைஃபையில் பெயரை மறைக்க எவருக்கும் காரணம் இல்லை என்பதால் இதைச் சந்தேகப் பட்டியலில் கடைசியில் வைக்கலாம்.

இதற்கு நேர்மாறான நிலையும் ஒரு காலத்தில் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய காலத்தில் உலகின் பல விமான நிலையங்களில் "ஃப்ரீ பப்ளிக் வைஃபை" என்ற பெயர் தென்பட்டது. அதன் பின்னால் எந்தச் சேவையும் இல்லை. தெரிந்த வைஃபை கிடைக்காத மடிக்கணினிகள், முன்பு தாங்கள் இணைந்த கணினிக்குக் கணினி இணைப்பின் பெயரைத் தாமே ஒலிபரப்பின. அதில் இணைந்த அடுத்த மடிக்கணினியும் அதையே செய்தது. பெயர் தெரிவதால் மட்டும் அங்கே சேவை இருப்பதாகக் கொள்ள முடியாது என்பதால், அந்த இடத்து ஊழியரிடம் சரியான பெயரைக் கேட்டுக்கொள்வது எப்போதும் நல்லது.

வீட்டில் கிடைத்து வெளியில் கிடைக்காதபோது

முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசை. பழைய, விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கேட்கும் கார்டு இருக்கிறது. வீட்டு ரவுட்டர் அந்த அலைவரிசையிலும் ஒலிபரப்புவதால் வீட்டில் குறை தெரியாது. கூட்டம் மிகுந்த பொது இடங்களில் நெரிசலைத் தவிர்க்க 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் சேவையை வைப்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் கைபேசிக்குப் பெயர் தெரியும், மடிக்கணினிக்குத் தெரியாது. விண்டோஸின் கட்டளைத் திரையில் நெட்ஷ் கருவி மூலம் டிரைவர் விவரத்தைக் கேட்டால், கார்டு ஆதரிக்கும் வகைகள் வரிசையாக வரும். அதில் 802.11பி, ஜி, என் ஆகியவை மட்டும் இருந்து ஏ அல்லது ஏசி இல்லையென்றால், அந்தக் கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாது. எந்த அமைப்பை மாற்றினாலும் இது மாறாது. இரண்டு அலைவரிசையும் கேட்கும் கார்டிலும், டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் யாரோ எப்போதோ ஒன்றை அணைத்து வைத்திருக்கலாம். அங்கும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அடுத்தது சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் பயன்படுகின்றன. அமெரிக்காவில் நடைமுறையில் 11 வரைதான். அங்கே விற்ற பழைய மடிக்கணினிகளின் கார்டுகளில் அந்த நாட்டு எல்லை பதிந்திருக்கும். 12, 13 சேனல்களில் பேசும் ஆக்சஸ் பாயின்ட் அவற்றுக்குக் கேட்காது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினி தமிழ்நாட்டு வீடுகளில் அரிதல்ல. அதில் ஒரு கடையின் வைஃபை மட்டும் தெரியாமல் போனால் இந்தக் காரணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

5 கிகாஹெர்ட்ஸில் விவகாரம் இன்னும் நுட்பமானது. 5250 முதல் 5350 வரையிலும், 5470 முதல் 5725 வரையிலும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பகுதிகளை வைஃபை, வானிலை ராடார் உள்ளிட்ட ராடார்களோடு பகிர்ந்துகொள்கிறது. ராடாருக்கே முன்னுரிமை. ஆக்சஸ் பாயின்ட் அந்தச் சேனலைத் தொடங்குமுன் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்து, ராடார் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நடுவில் ராடார் கேட்டுவிட்டால் சேனலை விட்டு வெளியேறி 30 நிமிடம் அந்தப் பக்கம் வரக்கூடாது. மடிக்கணினிக்கும் இங்கே தானாகக் கேள்வி கேட்க அனுமதி இல்லை. அறிவிப்பு வரும்வரை மௌனமாகக் காத்திருக்க வேண்டும். எனவே பெயர் பட்டியலில் வரச் சில நொடிகள் தாமதமாகலாம். சில வேளைகளில் வந்து மறையலாம். விலை குறைந்த யுஎஸ்பி வைஃபை கருவிகள் சில இந்தச் சேனல்களை அறவே ஒதுக்கிவிடுகின்றன. இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. ராடாரோடு பகிரும் சேனல்களும் அதில் அடங்கும்.

மூன்றாவது காரணம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதற்கான தீர்வுக்குச் செலவே இல்லை என்றாலும் பலருக்கு இது தெரிவதில்லை. வைஃபை 6 எனப்படும் 802.11ஏஎக்ஸ் ஆக்சஸ் பாயின்டுகள் தம் அறிவிப்புகளில் புதிய விவரங்களைச் சேர்த்து அனுப்புகின்றன. அவை பழைய கருவிகளோடும் பேசக்கூடியவைதான். ஆனால் இன்டெல்லின் 7260, 7265, 8260 போன்ற கார்டுகளின் பழைய டிரைவர்கள் இந்த அறிவிப்பைப் புரிந்துகொள்ளாமல் ஒதுக்கிவிட்டன. பெயர் பட்டியலுக்கே வரவில்லை. இன்டெல் நிறுவனமே இதை அறிவித்துப் புதிய டிரைவர்களை வெளியிட்டது. வீட்டில் பழைய ரவுட்டர், வெளியில் புதிய ஆக்சஸ் பாயின்ட் என்ற சூழலில் இந்தக் கோளாறு அப்படியே பொருந்தும். டிரைவரை மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ நேரடியாக எடுக்க வேண்டும். இருப்பதே மிகச் சிறந்த டிரைவர் என்று விண்டோஸ் சொன்னால் அதோடு நின்றுவிடக் கூடாது.

நான்காவது, ஆன்டெனா. மடிக்கணினியின் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து மெல்லிய கம்பிகள் கீல் வழியாக வந்து கார்டின் மேல் சிறு பொத்தான்களாகப் பொருந்தும். திரையோ கீலோ மாற்றியபின், உள்ளே தூசு தட்டியபின், இந்தப் பொத்தான் கழன்றிருக்கலாம். அப்போதும் கார்டு வேலை செய்யும். ஒரே அறையில் இருக்கும் ரவுட்டர் தெரியும். ரயில் நடைமேடையில் உயரத்தில் தொங்கும் ஆக்சஸ் பாயின்ட் தெரியாது. ரவுட்டருக்கு அருகிலேயே சமிக்ஞை மைனஸ் 80 டெசிபெல் மில்லிவாட் என்ற அளவில் இருந்தால் ஆன்டெனாவைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரவுட்டருக்குப் பக்கத்தில் அது மைனஸ் 50க்கும் மேலே இருப்பதே இயல்பு.

இவற்றைப் பிரித்தறியக் கைபேசி ஒன்றே போதும். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை முதலில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் பிறகு 5 கிகாஹெர்ட்ஸிலும் இயக்கிப் பார்க்க வேண்டும். முதலாவது தெரிந்து இரண்டாவது தெரியாவிட்டால் அலைவரிசைதான் சிக்கல். இரண்டும் தெரிந்து, கைபேசியைச் சில அடிகள் தள்ளி வைத்ததும் மறைந்தால் ஆன்டெனா. இரண்டும் தூரத்திலும் தெரிந்து, பொது வைஃபை மட்டும் வராவிட்டால், மிஞ்சுவது 12, 13 சேனல்களும் ராடார் சேனல்களும் பழைய டிரைவரும்.

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. நிர்வாகி விரும்பினால் குறிப்பிட்ட பெயர்களையோ, அனுமதித்தவை தவிர்ந்த எல்லாப் பெயர்களையுமோ பட்டியலிலிருந்தே மறைத்துவிட விண்டோஸில் வழி இருக்கிறது. இப்படி மறைக்கப்பட்டிருந்தால் டிரைவரை மாற்றிப் பயனில்லை. நிறுவனத்தின் கணினிப் பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.

பட்டியலே வெறுமையாக இருந்தால்

எந்தப் பெயருமே தெரியாதபோது ரேடியோ அணைந்திருக்கிறது, அல்லது அதை இயக்கும் மென்பொருள் நின்றிருக்கிறது. ஃபிளைட் மோடு, எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும் வைஃபை விசை, பழைய மாடல்களின் பக்கவாட்டில் இருக்கும் சிறு நகர்த்து பொத்தான் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். லினக்ஸில் ஆர்எஃப்கில் என்ற கட்டளை, தடை மென்பொருளால் வந்ததா, பொத்தானால் வந்ததா என்று பிரித்தே சொல்லிவிடும். அலுவலக மாடல்கள் சிலவற்றின் பயாஸில், வயர் இணைப்பு செருகப்பட்டால் வைஃபையை அணைக்கும் அமைப்பும் இருக்கிறது.

விண்டோஸில் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் என்ற சேவை நின்றுபோனால் பட்டியல் வராது. அதைச் சர்வீசஸ் சாளரத்தில் மறுபடி தொடக்கலாம். தூக்க நிலையிலிருந்து எழுந்த கார்டு மயங்கிக் கிடப்பதும் அடிக்கடி நடக்கும். இங்கே ஷட் டவுன் கொடுத்துத் திரும்ப இயக்குவதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பதே பலன் தரும். விண்டோஸ் 8 முதல் வந்த வேகத் தொடக்க வசதியில், ஷட் டவுன் செய்தாலும் டிரைவர்களின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்புகிறது. ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். மின்சேமிப்புக்காகக் கார்டை அணைக்க விண்டோஸுக்குக் கொடுத்த அனுமதியையும் டிவைஸ் மேனேஜரில் நீக்கிவிடலாம். நெட்வொர்க் ரீசெட் கடைசி முயற்சியாக இருக்கட்டும். அது சேமித்த கடவுச்சொற்களையும் விபிஎன் அமைப்புகளையும் அழித்துவிடும்.

கார்டை மாற்றுதல்

கார்டே குறை என்று உறுதியானபின் மாற்றுவது கடினமல்ல. ஆனால் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தையில் விலையை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். 201 குறிப்பிட்ட இன்டெல் செயலிகள் உள்ள மடிக்கணினிகளில் மட்டுமே இயங்கும். 200 பொதுவான எம்.2 பொருத்தியில் வேலை செய்யும். பழைய திங்க்பேட், எச்பி மாடல்கள் சிலவற்றின் பயாஸ், தனக்குத் தெரிந்த கார்டுகளைத் தவிர வேறெதையும் ஏற்காது. புதிய மெல்லிய மாடல்கள் சிலவற்றில் கார்டு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்றவே முடியாது.

அந்த நிலையில் இரண்டு அலைவரிசையும் கேட்கும் யுஎஸ்பி வைஃபை கருவி போதும். யுஎஸ்பி 3.0 இணைப்புகளின் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைப் பாதிக்கும் என்று இன்டெல் 2012இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. எனவே அத்தகைய துளையில் வெளிப்புற வன்வட்டு இயங்கும்போது, வைஃபை கருவியைக் குட்டையான நீட்டிப்புக் கம்பி ஒன்றின் முனையில் தள்ளி வைத்துப் பயன்படுத்த வேண்டும்.