தழும்பில்லாத நோயின் வரலாறு

1997இல் எனது அகதி விண்ணப்பத்துக்கான விசாரணை மூன்றரை மணித்தியாலம் நடந்தது. அதற்குள் நான்கு தடவை எழுந்து மலசலகூடத்துக்குப் போனேன். பின்னர் கைக்குக் கிடைத்த அறிக்கையில், முக்கியமான கேள்விகள் வந்தபோதெல்லாம் விண்ணப்பதாரி இடைவேளை கேட்டார் என்று ஒரு வரி இருந்தது. எனது வயிற்றையும் சலப்பையையும் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் சொல்லாததை அவர்கள் எப்படி எழுதுவார்கள்? மொழிபெயர்த்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆண், என்னிலும் மூத்தவர். "பயப்படாமல் சொல்லுங்கோ தங்கச்சி" என்று ஆதரவாகத்தான் கேட்டார். அவருக்கு முன்னால் அந்தச் சொற்கள் வாயில் வரவில்லை. உடம்பில் தழும்பு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டில்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்களில் நானும் ஒருத்தி. சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் பல குடும்பங்களோடு இருந்தோம். அங்கேதான் எனக்கு வயிற்றுளைவு வந்தது. பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்தோம், அதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் குறைத்தோம். வயிற்றுளைவு மாறியது. ஆனால் வயிறு பழையபடி ஆகவில்லை. சில நாள் மலச்சிக்கல், சில நாள் வயிற்றோட்டம், எப்போதும் ஒரு பிசைவு. சலம் கழித்துவிட்டு வந்து கால்மணித்தியாலத்தில் மீண்டும் முட்டும். இரவில் நான்கு தடவை எழும்புவேன். இங்கு வந்தபின் இரத்தம், மலம், சலம் யாவும் சோதித்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். "ஒன்றுமில்லை" என்பதே முடிவு. இந்த "ஒன்றுமில்லை"க்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னர்தான் வாசித்து அறிந்தேன்.

1849இல் 'லண்டன் மெடிக்கல் கஸெற்' இதழில் கமிங் என்ற வைத்தியர் இந்நோயை விபரித்திருக்கிறார். ஒரே ஆளுக்கு ஒருசமயம் சிக்கலும் இன்னொருசமயம் இளக்கமும் எப்படி வருகின்றன என்பதற்கு விளக்கம் தரத் தன்னால் இயலாது என்று அவர் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை பின்வந்தவர்கள் பலரிடம் இல்லை.

1871 முக்கியமான ஆண்டு. பிலடெல்பியா வைத்தியர் ஜேக்கப் மென்டஸ் டா கொஸ்ரா அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், ஆயினும் இதயத்தில் பழுது தெரியாது. இதனை 'எரிச்சலுற்ற இதயம்' என்றழைத்த அவர், கடுமையான களச்சேவை, காய்ச்சல், வயிற்றோட்டம் என்பவற்றைக் காரணங்களாகக் குறித்தார். சளிபோன்ற படலம் வெளியேறும் குடல் நோயைப் பற்றியும் அதே ஆண்டில் எழுதினார். 1892இல் வில்லியம் ஒஸ்லர் தனது புகழ்பெற்ற பாடநூலில் அந்தக் குடல் நோயைப் பெரும்பாலும் பெண்களுக்கு, அதிலும் ஹிஸ்ரீரியாக்காரருக்கு வருவதாகப் பதிந்தார். சிப்பாயின் இதயத்துக்குக் காரணம் வெளியே, போர்க்களத்தில் கிடைத்தது. பெண்ணின் குடலுக்குக் காரணம் அவளுடைய சுபாவத்தில் தேடப்பட்டது. சலப்பைக்கும் இதே கதைதான். 1915இல் பால்ரிமோர் வைத்தியர் கை ஹனர் பெண்களின் சலப்பையில் தான் கண்ட புண்ணைப் பற்றி எழுதினார். புண் உள்ளவர்களின் வலிக்குப் பெயர் கிடைத்தது. வலி மட்டும் உள்ளவர்கள் வெளியே நின்றார்கள்.

இந்நிலை மெதுவாகவே மாறியது. 1962இல் ஒக்ஸ்போட்டில் சௌத்ரியும் ட்றூலவ்வும் 130 நோயாளரை ஆராய்ந்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் வயிற்றுளைவுக்குப் பின்னரே தொடங்கியதைக் காட்டினர். 1978இல் பிறிஸ்ரலில் மனிங்கும் சகாக்களும் 109 பேரிடம் கேள்விக்கொத்தொன்றைக் கொடுத்தனர். வலி தொடங்கும்போது மலம் இளகுகிறதா, கழித்தபின் வலி தணிகிறதா என்பன போன்ற கேள்விகள். விடைகளைக் கொண்டே இந்நோயை ஏனையவற்றிலிருந்து பெருமளவு பிரித்தறியலாம் என்று கண்டனர். 1986இல் மன்செஸ்ரரில் வோர்வெல் குழுவினர், இத்தகையோருக்குச் சலத்தொல்லையும் கூடுதலாக இருப்பதை எடுத்துக்காட்டினர். மலக்குடலின் நரம்புகளும் சலப்பையின் நரம்புகளும் முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஒன்று குழம்பினால் மற்றதும் குழம்புவது வியப்பல்ல. 2016இல் வெளியான நான்காவது உரோம் வரையறை, இவ்வகை நோய்களைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பின் கோளாறுகள் என்றது.

பிறிஸ்ரல் ஆய்வு எனக்கு மருத்துவத்துக்கும் அப்பால் முக்கியமானது. அங்கு நோயாளியின் வாய்ச்சொல் சாட்சியமாக ஏற்கப்பட்டது. தழும்பு கேட்கவில்லை.

ஆனால் யாருடைய சொல்? 2001இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. 1991 வளைகுடாப் போரில் சேவையாற்றிய சிப்பாய்க்கு எரிச்சற்குடல் நோய் வந்தால், அது சேவையால் வந்ததெனக் கொள்ளலாம், அவர் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. இதில் எனக்குப் பொறாமை கிடையாது. அந்தக் குண்டுகளுக்குக் கீழே இருந்த ஈராக்கியப் பெண்ணுக்கு இப்படியொரு சட்டத்தை எவர் எழுதினார்கள் என்பதே எனது கேள்வி.

எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டுவது சிந்தனைச் சோம்பல் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். போரையே காணாத எத்தனையோ பேருக்கு இந்நோய் உண்டு. எனது குடலுக்குச் சாவகச்சேரிதான் காரணம் என்று என்னாலும் நிறுவ முடியாது. காரணத்தை நிறுவ முடியாததால் நோயே இல்லையென்றாகிவிடாது என்பதே நான் சொல்ல வருவது.

அறிக்கை எழுதிய அதிகாரியை மட்டும் குறைசொல்லவும் நான் தயாரில்லை. எங்கள் சஞ்சிகைகள் சித்திரவதையைப் பற்றி எழுதின. தழும்புள்ள உடல்களை நாங்கள் ஆவணமாக்கினோம், அது அவசியமான பணி. இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்த பெண்களை யாரும் ஆவணமாக்கவில்லை. எங்கள் சந்திப்புகளில் காலையிலிருந்து மாலைவரை விவாதம் நடக்கும், மண்டபத்தில் ஒரேயொரு மலசலகூடம் இருக்கும். நான் எப்போதும் கதவோரம்தான் இருப்பேன். ஒருதடவை தோழர் ஒருவர் சந்திப்பைப் பற்றிய குறிப்பில், சில பெண் தோழர்கள் விவாதங்களில் அக்கறையின்றி அடிக்கடி எழுந்து போனதாக எழுதினார். விசாரணை அறிக்கையின் அந்த வரிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்போதும் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நான் எழுந்து போவது விவாதத்தை விட்டல்ல, தோழரே. திரும்பி வருவேன். கதவோரக் கதிரையை மட்டும் எனக்கு விட்டுவையுங்கள்.