இல்லாத மருந்தும் செய்தியின் குரலும்

அங்கதம்னா தலைவர்களைக் கேலி செய்வது என்றே பலரும் நினைக்கிறார்கள். பிரிட்டனில் அது எப்பவோ செல்லாக்காசாகிவிட்டது. 1961இல் லண்டன் மேடையேறிய ‘பியாண்ட் த ஃப்ரிஞ்ச்’ நிகழ்ச்சியில் பீட்டர் குக் பிரதமர் மாக்மில்லனைப் போல நடித்துக்காட்டினார். மாக்மில்லனே ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்த்தார். தன்னைக் கேலி செய்ய அனுமதிப்பதும் அதிகாரத்தின் உத்திதான்.

கிறிஸ் மோரிஸ் (பிறப்பு 1962) கை வைத்தது வேறு இடத்தில். உள்ளூர் பிபிசி வானொலிகளில் வேலை பார்த்தவர். செய்தி எப்படிச் சமைக்கப்படுகிறது என்பது அவருக்கு அத்துப்படி. அர்மாண்டோ இயனூச்சி முதலானவர்களோடு சேர்ந்து 1991இல் வானொலியில் ‘ஆன் த அவர்’, 1994இல் பிபிசி 2இல் ‘த டே டுடே’ செய்தார். அதில் செய்தி வாசிப்பவர் மோரிஸ்தான். முழங்கும் இசை, சுழலும் வரைபடம், முறைக்கும் முகம் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். சொல்வது மட்டும் சுத்தப் பிதற்றல். ஆனாலும் செய்தியாகவே காதில் விழும். அப்படியென்றால் நாம் நம்புவது விஷயத்தையா, தோரணையையா?

1997இல் சேனல் 4இல் வந்த ‘பிராஸ் ஐ’ இந்தக் கேள்வியைப் பரிசோதனையாகவே நடத்திக்காட்டியது. ‘கேக்’ என்றொரு போதைமருந்தைக் கற்பித்து, பிரபலங்களை அதற்கெதிராகப் பேசவைத்தார் மோரிஸ். எழுதிக் குடுத்ததை அப்படியே படித்தார்கள். கன்சர்வேடிவ் உறுப்பினர் டேவிட் அமெஸ் 1996இல் நாடாளுமன்றத்தில் கேள்வியே கேட்டுவிட்டார். அரசும் பதில் சொன்னது. இல்லாத மருந்து அவைப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அமெஸ் 2021இல் குத்திக் கொல்லப்பட்டார். அந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு சொல்லாடல் தன் பேச்சாளர்களை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதே என் அக்கறை.

2000இல் ஒரு சிறுமி கொலையானதையொட்டி, ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்’ குழந்தைகளிடம் பாலியல் குற்றம் புரிந்தவர்களின் பெயர்களைப் படத்தோடு வெளியிட்டது. கும்பல்கள் தெருவில் இறங்கின. வேல்ஸில் ஒரு குழந்தைநல மருத்துவரின் வீட்டில் அவரையே குற்றவாளி என்று கிறுக்கிவிட்டுப் போனார்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் ஒரேமாதிரி தொடங்கும், அவ்வளவுதான். இந்த வெறியைத்தான் 2001 ஜூலையில் ‘பிராஸ் ஐ’ சிறப்பு நிகழ்ச்சி எடுத்துக்கொண்டது. அதைக் கடுமையாகக் கண்டித்த அமைச்சர் ஒருவர், தான் பார்க்கவேயில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார். குழந்தைகளின் துயரம் சிரிக்கிற விஷயமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் துயரத்தைத் தலைப்புச் செய்தியாக்கி விற்றவர்களைப் பார்த்துத்தான் அந்த நிகழ்ச்சி சிரித்தது.

‘கேக்’ மருந்தைக் கண்டித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. நல்ல காரியத்துக்குத்தான் முகம் குடுத்தார்கள். எனக்கு உறுத்துவது அதுதான். நல்ல காரியம் என்றால் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற பழக்கம் நம்மிடம் இல்லையா என்ன?